சினிமாவுக்கு டைட்டில் பண்ணப் போய் மூணு மாசமும் கைக்காசும் போன அனுபவம்

நான் வேலூர் சத்துவாச்சாரில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றவன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. மாப்ள பொண்ணு பேர் வச்சு டைட்டில், லோக்கல் கேபிள் சேனலுக்கு லோகோ அசையுற மாதிரி, நகைக்கடை பிரியாணிக்கடை விளம்பரம், இதெல்லாம்தான் என் சோறு. போன வருஷம் மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் ஒரு சினிமாவுக்கு முழு டைட்டில் சீக்வென்ஸ் பண்ணேன், ஆரம்பத்துல வர்ற 2 நிமிஷம் 40 செகண்ட், அப்புறம் கடைசில ஓடுற பேர் லிஸ்ட். கம்பெனி பேரும் படம் பேரும் இங்க சொல்லல, அது யாருக்கும் உபயோகம் இல்ல. ஆனா அந்த மூணு மாசத்துல கேக்க ஒரு ஆள் இல்லாம தனியா உக்காந்து அழுதிருக்கேன், ‘டேய் இத முதல்ல கேட்டுக்கோ’ன்னு ஒருத்தர் ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா பாதி கஷ்டம் வந்திருக்காது. அதனால நடந்தத நடந்தபடி எழுதுறேன், நீளமாதான் போகும்.

சென்னைல அசிஸ்டென்ட் எடிட்டரா இருக்குற ஒரு ஃப்ரெண்டு மூலமா வந்த வாய்ப்பு அது. நான் சும்மா பண்ணி போட்ட ஒரு ரீல்ஸ டைரக்டர் பாத்துட்டு கூப்ட சொன்னாராம். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல காட்பாடில ஏறி சென்னைக்குப் போறேன், ஜன்னல் பக்கம் உக்காந்து மனசு ஒரு எடத்துல நிக்கல. எனக்கு டைட்டில் மேல சின்ன வயசுலேர்ந்து பைத்தியம். அண்ணாமலை படத்துல 1992ல முதல் தடவையா சூப்பர் ஸ்டார்னு எழுத்து புள்ளி புள்ளியா வந்து நின்னுச்சே, தேவாவோட அந்த மியூசிக்கோட, எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தியேட்டரயே எழுந்து நிக்க வைக்க வெறும் எழுத்தால முடியும்னு எனக்கு அதுலதான் புரிஞ்சுது. பின்னாடி வேலைக்கு வந்தப்புறம் அமெரிக்காவுல சினிமா டைட்டில் டிசைன் பண்ண சால் பாஸ் பத்தி படிச்சேன், 1955ல தி மேன் வித் த கோல்டன் ஆர்ம் படத்துக்கு காகிதம் வெட்டுன மாதிரி ஒரு கோணல் கைய வச்சு டைட்டில் பண்ணாரு, அந்தக் காலத்துல அங்க பல தியேட்டர்ல டைட்டில் ஓடுறப்போ திரைச்சீலையக்கூட விலக்க மாட்டாங்களாம், அதனால அந்தப் பட ரீல் டப்பா மேலயே டைட்டிலுக்கு முன்னாடி திரைய விலக்குங்கன்னு குறிப்பு ஒட்டி அனுப்பினாங்கன்னு படிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு. நம்ம கைக்கும் அந்த மாதிரி ஒரு வேலை வந்திருக்குன்னு நெனச்சுகிட்டே போனேன். அந்த சந்தோஷத்துலதான் கேக்க வேண்டிய எதையுமே கேக்காம திரும்பி வந்துட்டேன்.

பேசினது 90,000 ரூபா, வாயாலயேதான். அட்வான்ஸ் 15,000 அன்னிக்கே போட்டாங்க, மீதிய வேலை முடிய முடிய தர்றோம்னாங்க. நான் கல்யாண வீட்டுலயே பாதி காச முன்னாடி வாங்குறவன், சினிமான்னதும் வாய் வரல. இப்ப எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு விஷயத்த இங்கயே சொல்லிடுறேன். படத்துல டைட்டில் வேலை எப்பவும் கடைசில வரும். ஷூட்டிங் தள்ளிப் போகும், டப்பிங் தள்ளிப் போகும், மியூசிக் தள்ளிப் போகும், ஆனா ரிலீஸ் தேதி தள்ளாது. எல்லாரும் தின்ன நாள நம்ம கிட்டதான் கழிப்பாங்க, காசும் அப்படித்தான், நம்ம பில்லு வர்ற நேரத்துல பொட்டி காலியா இருக்கும். அவங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல, வரிசைல நாம நிக்கிற எடம் அது. அதனால வர்ற காசுல பாதிக்கு மேல ரெண்டரிங் (மெஷின் கடைசி ஃபைல உருவாக்குறது) ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம அக்கவுண்ட்ல இருக்கணும், அதுக்கு ஒரு வெள்ள பேப்பராவது இருக்கணும். எத்தன செகண்ட், எத்தன தடவ திருத்தம் இலவசம், அதுக்கு மேல ஒவ்வொரு திருத்தத்துக்கும் எவ்ளோ, படத்துல நம்ம பேர் எந்த எடத்துல வரும், வேலை பாதில நின்னா எவ்ளோ தரணும். இத ஒரு மெயில்ல எழுதி அவங்கள ஓகேன்னு பதில் போட வச்சாலே பெரிய விஷயம். எனக்கு இருந்தது வாட்ஸ்அப்புல ரெண்டு தம்ஸ்அப்பும் நாலு வாய்ஸ் மெசேஜும்தான்.

டெக்னிக்கலா நான் பண்ண முதல் தப்பு ரொம்ப சின்னது, அதுதான் என்ன ரொம்ப அடிச்சுது. நம்ம ஊர்ல கல்யாண வீடியோ எல்லாம் செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுப்போம், பழக்க தோஷத்துல காம்ப்ப, அதாவது சாஃப்ட்வேர்ல வேலை பண்ற பலகைய, 25லயே ஓப்பன் பண்ணிட்டேன். படம் 24. தியேட்டருக்கு அனுப்புற ஃபைல், டிசிபின்னு சொல்வாங்க, அதுவும் பொதுவா 24. நான் 2 நிமிஷம் 40 செகண்டுக்கு 4,000 ஃப்ரேம் ரெண்டர் பண்ணி இமேஜ் சீக்வென்ஸா, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி படமா, குடுத்தேன், டிஐல, அதாவது படத்துக்கு கலர் சரி பண்ணி கடைசி வடிவம் கொண்டு வர்ற எடத்துல, அத 24 டைம்லைன்ல போட்டதும் 166 செகண்டுக்கு மேல போச்சு, அதாவது ஆறரை செகண்ட் நீண்டுடுச்சு. தவில் அடி விழுற எடத்துல எழுத்து ஒடஞ்சு வரணும்னு ராத்திரி பகலா உக்காந்து கோத்தது, போகப் போக அடிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாம போய், டைரக்டர் பேர் மியூசிக் முடிஞ்சதுக்கு அப்புறம் தனியா வந்து நின்னுச்சு. அந்த இருட்டு ரூம்ல எல்லாரும் என்ன திரும்பிப் பாத்தாங்க. ரெண்டாவது தப்பு சைஸ். நான் 1920க்கு 1080 பிக்சல்ல பண்ணேன், படம் ஸ்கோப், அதாவது அகலத் திரை, 2கேல அது 2048க்கு 858. அகலத்துக்கு இழுத்து வச்சதும் மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு, நான் அழகா கீழ ஓரத்துல வச்சிருந்த பேர் எல்லாம் பாதி இடுப்போட போச்சு. 1080ல கிட்டத்தட்ட 138 பிக்சல் மேல, 138 பிக்சல் கீழ காணோம். எடிட்டிங் சைடுலேர்ந்து எனக்கு வந்த ரெஃபரன்ஸ் வீடியோல மேலயும் கீழயும் கருப்புப் பட்டை இருந்துச்சு, அத பாத்தாவது நான் கேட்டிருக்கணும்.

மூணாவது இன்னும் மோசம், அது என் வீட்டு மானிட்டர்ல தெரியவே இல்ல. கருப்புலேர்ந்து கருநீலத்துக்கு மெதுவா மாறுற மாதிரி பின்னணி வச்சிருந்தேன், 8 பிட்ல, அதாவது கலர் படிகள் கம்மியா இருக்குற கணக்குல. தியேட்டர் சைஸ் திரைல போட்டதும் படிக்கட்டு மாதிரி வளையம் வளையமா தெரியுது, வெங்காயத்த வெட்டி வச்ச மாதிரி. 16 பிட்ல வேலை பண்ணி, மேல லேசா கிரெய்ன் (பொடிப் பொடி புள்ளி) தூவி, ப்ரோரெஸ் 4444ங்கிற வீடியோ ஃபார்மட்லயோ இல்ல 16 பிட் இமேஜ் சீக்வென்ஸாவோ குடுத்திருந்தா வந்திருக்காது. இது மூணும் ஒரே நாள்ல, ஒரே ஓட்டத்துல தெரிய வந்துச்சு. டிஐ பண்றவர் நல்ல மனுஷன், திட்டல, ‘தம்பி வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமே, ரெண்டு நிமிஷ வேலை’ன்னாரு. அதத்தான் நானும் இப்ப சொல்றேன். டைரக்டர் கிட்ட கேக்காதீங்க, புரொடக்‌ஷன்லயும் கேக்காதீங்க, அவங்களுக்கு தெரியாது. எடிட்டர் அசிஸ்டென்டையும் டிஐல ஷாட் எல்லாத்தையும் கோத்து அடுக்குறவரையும் நேரா புடிச்சு ஃப்ரேம் ரேட், சைஸ், என்ன ஃபார்மட், எந்த கலர் ஸ்பேஸ், ஆல்ஃபா (பின்னணி இல்லாம எழுத்து மட்டும்) வேணுமா வேணாமான்னு கேட்டு, வெறும் பத்து செகண்டுக்கு ஒரு டெஸ்ட் ஃபைல் பண்ணி அவங்க டைம்லைன்ல ஒரு தடவ ஓட விட்டுப் பாத்துடுங்க. முழுசா பண்ணி எடுத்துட்டுப் போய் நிக்காதீங்க.

தமிழ் எழுத்த அசைக்கிறது தனிக் கதை, இத யாரும் யூடியூப்ல சொல்லித் தர்றதில்ல, எல்லா டுட்டோரியலும் ஆங்கில எழுத்துக்குதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்ல யூனிகோட் தமிழ் (போன்லயும் நெட்லயும் வர்ற சாதாரண தமிழ்) டைப் பண்ணா முதல்ல கொம்பு தப்பான பக்கம் போய் நிக்கும், ‘கொ’ன்னு அடிச்சா எழுத்து ஒடஞ்சு புள்ளி வட்டம் வரும். அதுக்கு என் கிட்ட இருந்த வெர்ஷன்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப்ங்கிற எடத்துல போய் டெக்ஸ்ட் எஞ்சின சௌத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்னு மாத்தி சாஃப்ட்வேர மூடித் தொறக்கணும். இது தெரியாம எனக்கு நாலு நாள் போச்சு. அது சரியானதும் அடுத்த பிரச்சன, எழுத்து எழுத்தா பறந்து வர்ற மாதிரி அனிமேட்டர் போட்டா ‘கொ’வுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு பறக்குது, பாக்கவே பரிதாபமா இருக்கும், ஒரு மனுஷனோட பேர பிச்சு எறியிற மாதிரி. கடைசில நான் கண்டுபுடிச்ச வழி, இல்லஸ்ட்ரேட்டர்ல பேர டைப் பண்ணி அவுட்லைன், அதாவது வெறும் வடிவமா, ஆக்கி, ஒவ்வொரு உயிர்மெய்யையும் கையால குரூப் பண்ணி, அப்புறம் ஷேப்பா கொண்டு வந்து அசைக்கிறது. அழகா வரும், ஆனா ஒரு பேர்ல ஒரு எழுத்து மாத்தணும்னா முதல்லேர்ந்து பண்ணணும். அதனால பேர் லிஸ்ட் முடிவாகுற வரைக்கும் அவுட்லைன் பக்கமே போகாதீங்க, அது வரைக்கும் வார்த்தை வார்த்தையா அசையுற மாதிரி வச்சு டைமிங் மட்டும் பாத்துக்குங்க. நான் முதல் வாரத்துலயே 31 பேர அவுட்லைன் பண்ணி வச்சுட்டேன். அதுல 19 பேர் பின்னாடி மாறுச்சு.

ரெண்டர். ஒரு ஃப்ரேமுக்கு 45 செகண்ட், 4,000 ஃப்ரேமுக்கு 50 மணி நேரம். இது மே மாசம், அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில் எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்கு சொல்லி புரிய வைக்க முடியாது, மொட்டமாடி ரூம்ல மத்தியானம் சுவத்துல கை வச்சா சுடும். கிராஃபிக்ஸ் கார்டு 90 டிகிரியத் தொட்டு தானே வேகத்தக் கொறச்சுக்கும், ரெண்டு தடவ மெஷினே ஆஃப் ஆயிடுச்சு. பழைய கார்டு தாங்கலன்னு செகண்ட் ஹாண்ட்ல 31,000க்கு ஒண்ணு வாங்கினேன், எஸ்எஸ்டி ஒண்ணு 11,000. பகல்ல எழுத்து வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டர், பக்கத்துல டேபிள் ஃபேன திருப்பி மெஷினுக்கு வச்சுட்டு நான் தரைல தண்ணி தெளிச்சு படுத்தேன். முதல் தடவ நேரா வீடியோ ஃபைலா ரெண்டர் போட்டு 37வது மணி நேரத்துல கரண்ட் போச்சு, யூபிஎஸ் பாட்டரி பதினஞ்சு நிமிஷம்தான் நின்னுச்சு, ஃபைல் தொறக்கவே இல்ல, மொத்தமும் போச்சு. அன்னிக்கு அம்மா எழுந்து வந்து லைட் இல்லாத ரூம்ல நான் உக்காந்திருக்கிறத பாத்துட்டு ஒண்ணும் கேக்காம மோர் கொண்டாந்து வச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் இமேஜ் சீக்வென்ஸா போட ஆரம்பிச்சேன், 2,113வது ஃப்ரேம்ல நின்னா 2,114லேர்ந்து ஆரம்பிக்கலாம், ரெண்டு மெஷின் இருந்தா பாதி பாதி பிரிச்சுக்கலாம். இது சாதாரண விஷயம்னு தெரிஞ்சவங்க சொல்வாங்க, தனியா ஊர்ல உக்காந்து வேலை பண்றவனுக்கு இத சொல்ல யார் இருக்கா.

நடுவுல எழுத்து சைஸ் சண்டை வேற. டைரக்டர் எல்லாத்தையும் வாட்ஸ்அப்புலதான் பாப்பாரு, ஷூட்டிங் ஸ்பாட்ல, வெயில்ல, போன்ல. ‘எழுத்து சின்னதா இருக்கு ப்ரோ, பெருசாக்குங்க’ன்னு மூணு தடவ சொல்லி மூணு தடவயும் பெருசாக்கிட்டேன். எங்க சித்தப்பா குடியாத்தத்துல இருக்காரு, ஒரு காலத்துல தியேட்டர் ஸ்லைடு எழுதுனவரு. இன்டர்வெல்ல போடுவாங்களே, ஜவுளிக்கடை விளம்பரம், புகை பிடிக்காதீர்கள், அதெல்லாம். கண்ணாடித் துண்டு மேல மெல்லிசா கலர் பூசி காய வச்சு, ஊசியால எழுத்தக் கீறி எடுப்பாரு, கீறுன எடத்துல வெளிச்சம் போய் திரைல எழுத்து விழும். ஹாலிவுட்ல செவன் படத்தோட 1995 டைட்டில்ல கைல் கூப்பர் எழுத்த கையால கீறி எடுத்ததப் பத்தி உலகமே பேசுது, நான் அத முதல்ல பாத்தப்போ எனக்கு சித்தப்பாவோட ஊசிதான் ஞாபகம் வந்துச்சு. அவர வீட்டுக்கு கூட்டிட்டு வந்து என் மானிட்டர்ல போட்டுக் காட்டுனேன். நாற்காலிய எடுத்துட்டு ரூம் கடைசிக்குப் போய் கதவுகிட்ட உக்காந்தாரு. பாத்துட்டு, ‘இன்னாடா இது, எழுத்து நிக்கவே மாட்டேங்குது, ஓடிகினே கீது, அந்தாளு பேர எப்ப படிக்கிறது’ன்னாரு. அப்புறம் ‘பெஞ்சு டிக்கெட்டுக்காரன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அவன் ரெண்டு தபா படிச்சு முடிக்கிற வரைக்கும் எழுத்து நிக்கணும், நாங்க அப்டித்தான் ஆபரேட்டர்கிட்ட சொல்லி அனுப்புவோம்’னாரு. அதுதான் நான் இந்த மூணு மாசத்துல கேட்டதுலயே உருப்படியான பேச்சு. எழுத்து உள்ள வர்றது, வெளிய போறது எவ்ளோ வேணா ஆட்டலாம், நடுவுல அசையாம நிக்கிற நேரத்துல அந்தப் பேர வாய்விட்டு ரெண்டு தடவ நிதானமா சொல்லிப் பாருங்க, முடியலன்னா நேரம் பத்தல. தமிழ்ப் பேர் நீளம், இனிஷியல் வேற. சைஸ போன வச்சு முடிவு பண்ணாதீங்க. வீட்டு டிவில போட்டு, நல்லா தள்ளி உக்காந்து பாத்தா தியேட்டர் நடுவுல உக்காந்தவனுக்கு எப்படி தெரியும்னு ஓரளவுக்கு புரியும். பெருசாக்குன எழுத்து கடைசில டிஐ திரைல பூதம் மாதிரி நின்னுச்சு, திரும்பவும் பழைய சைஸுக்கே வந்தோம்.

இப்ப பேர் லிஸ்ட். இதுலதான் என் மனசு இன்னும் வலிக்குது. முதல் லிஸ்ட் பாமினிங்கிற பழைய எழுத்துருல அடிச்ச வேர்டு ஃபைலா வந்துச்சு, தொறந்தா ஆங்கில எழுத்தா கொட்டிக் கெடக்கு, கன்வர்ட்டர்ல போட்டா ஸ்ரீயும் க்ஷவும் குழம்பிப் போகுது. ரெண்டாவது லிஸ்ட் ஒரு பேப்பர்ல பேனாவால எழுதி போட்டோ புடிச்சு வந்துச்சு. அப்புறம் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ், ‘இவர் பேர மேல போடுங்க, அவருக்கு முன்னாடி திரு வேணாம், நன்றி கார்டுல இன்னும் நாலு பேர்’. யார் பேருக்கு அடுத்து யார் பேர்ங்கிறதுக்கு ராத்திரி ஒரு மணிக்கு போன் வரும். பதினோரு தடவ மாத்தினேன். காதால கேட்ட பேர நானா டைப் பண்ணேன், அதுதான் நான் பண்ண பாவம். காதுக்கு ர எது ற எதுன்னு எப்படித் தெரியும், ன வா ண வா எப்படித் தெரியும். இப்ப வாய்ஸ்ல பேர் சொன்னா நான் யார் கிட்டயும் ஒத்துக்கிறதில்ல. ஒரே ஒரு எக்செல் ஷீட், யூனிகோட்ல, புரொடக்‌ஷன் மேனேஜர் பேர் போட்டு ‘இது இறுதி’ன்னு மெயில்ல அனுப்பணும், நான் அதுலேர்ந்து காப்பி பண்ணி ஒட்டுவேன், ஒரு எழுத்துகூட என் கையால அடிக்க மாட்டேன். எல்லாம் பண்ணி முடிச்சதும் ஒவ்வொரு கார்டையும் ஸ்டில்லா எடுத்து பிடிஎஃப் ஆக்கி அவங்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு பக்கமும் பாத்தாச்சுன்னு பதில் வாங்குவேன். அது வராம ரெண்டர் பட்டன் மேல கை வைக்கிறதில்ல.

கடைசில ஓடுற பேர் லிஸ்டுலயும் ஒரு கணக்கு இருக்கு. எழுத்து மேல ஏறுற வேகம் ஃப்ரேமுக்கு முழு பிக்சலா இருக்கணும், 3ன்னா 3, 4ன்னா 4. எனக்கு 140 வரி, வரிக்கு 60 பிக்சல், திரை உயரம் 858 சேத்தா 9,258 பிக்சல். ஃப்ரேமுக்கு 3 பிக்சல்னு ஓட்டுனா 3,086 ஃப்ரேம், 2 நிமிஷத்துக்கு மேல 9 செகண்ட். ‘ஒன்றரை நிமிஷத்துல முடிங்க’ன்னாங்க, நான் அப்படியே கீ ஃப்ரேம (எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்ங்கிற குறி) நெருக்கி வச்சேன், ஃப்ரேமுக்கு நாலேகால் சொச்சம் பிக்சல்னு ஆகி எழுத்து எல்லாம் நடுங்குது, கண்ணு வலிக்குது. 4 பிக்சல்ல வச்சா 96 செகண்ட்ல முடிஞ்சிருக்கும், ஆறு செகண்ட் அதிகம்னு சொல்லி ஒத்துக்க வச்சிருக்கலாம். பின்னாடி அப்படித்தான் பண்ணோம், ஆனா அதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு.

டிஐல எல்லாம் தப்பாப் போன அன்னிக்கு எனக்கு குடுத்தது மூணு நாள். 16 பிட்ல, புது சைஸுல, 3,840 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 70 செகண்ட். கணக்குப் போட்டா 74 மணி நேரத்துக்கு மேல, இருக்கிறதே 72. ராணிப்பேட்டைல ஒரு ஃப்ரெண்டு, அவனும் கல்யாண வீடியோதான், ‘எடுத்துட்டு வா’ன்னான். ஹார்ட் டிஸ்க மடில வச்சுகிட்டு பஸ்ல போய் பாதி ஃப்ரேம அவன் மெஷின்ல போட்டுட்டு வந்தேன். ரெண்டாம் நாள் ராத்திரி அவன் ஊருல மழை, கரண்ட் போய் போய் வந்துச்சு, அவன் தூங்காம உக்காந்து ஒவ்வொரு தடவயும் விட்ட எடத்துலேர்ந்து போட்டான். காசு வாங்கல. அந்த ஃபைல நேரத்துக்கு குடுத்துட்டோம். கடைசில அவங்க அவசரத்துல வாய்ஸ் மெசேஜ்ல சொன்ன ரெண்டு பேர கடைசில ஓடுற ரோல்ல சேத்தேன், அத சரி பாக்க யாருக்கும் நேரம் இல்ல.

காசு கதைய சுருக்கமா சொல்றேன். ரெண்டாவது தவணை 25,000ன்னு சொல்லி 22,500 போட்டாங்க, 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கிற வருமான வரி, புடிச்சோம்னாங்க. பல மாசம் கழிச்சு என் பான் நம்பர போட்டு, நம்ம பேர்ல கட்டுன வரியக் காட்டுற 26ஏஎஸ் எடுத்துப் பாத்தா அப்படி ஒரு வரியே இல்ல. இத எல்லாரும் பாக்கணும், டிடிஎஸ் புடிச்சாங்கன்னா அது நம்ம பேர்ல கட்டப்பட்டிருக்கணும், இல்லன்னா அது வரி இல்ல, நம்ம காசுதான். மீதி 50,000 இன்னி வரைக்கும் வரல. கார்டு, எஸ்எஸ்டி, ஏழு தடவ சென்னைக்குப் போயிட்டு வந்தது 6,300, ஒரு எழுத்துருவுக்கு 4,800, மொத்தம் 53,100 என் கையிலேர்ந்து போச்சு, கைக்கு வந்தது 37,500. வைகாசி முகூர்த்தத்துல நாலு கல்யாண ஆர்டர வேணாம்னு சொன்னது தனி, அது ஒரு 48,000 இருக்கும். அம்மா கிட்ட இந்தக் கணக்க நான் சொல்லவே இல்ல. ஒரு வக்கீல போய் பாத்தேன், அவர் முதல்ல கேட்டது ‘உத்யம் பதிவு இருக்கா’ன்னுதான், அது சின்னத் தொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு. சின்னத் தொழில் பண்றவங்களுக்கு 2006 சட்டம் இருக்கு, வேலைய வாங்கிகிட்டவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள காசு தரணும், தரலன்னா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டியோட கேக்கலாம், ஆன்லைன்லயே புகார் போடலாம். ஆனா பதிவு வேலைக்கு முன்னாடியே இருந்திருக்கணும்னாரு. பதிவு இலவசம், ஆதாரும் பானும் வச்சு வீட்டுலேர்ந்தே பண்ணலாம், அன்னிக்கு ராத்திரியே பண்ணி முடிச்சேன். என் வழக்குக்கு அது உதவல. கேமராமேன், எடிட்டர், ஃப்ளெக்ஸ் டிசைன் பண்றவங்க யாரா இருந்தாலும் இத இன்னிக்கே பண்ணி வச்சிடுங்க.

படம் ரிலீஸ் ஆகி ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப போன், ஓடிடிக்கும் தெலுங்கு டப்பிங்குக்கும் விக்கிறாங்களாம், எழுத்தில்லாத டைட்டில் தனியா வேணுமாம், எழுத்துருவுக்கு லைசென்ஸ் பேப்பரும் வேணுமாம். நான் எழுத்தயும் பின்னணியயும் ஒண்ணா சேத்து ரெண்டர் பண்ணியிருந்தேன். ரெண்டையும் முதல்லயே தனித்தனியா எடுத்து வச்சிருந்தா இன்னொரு வாரம் போயிருக்காது. ஒரு தலைப்பு எழுத்துரு, இலவசம்னு இறக்குனது, கீழ சின்னதா சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு எழுதியிருந்துச்சு, அதுக்குத்தான் அந்த 4,800. ப்ராஜெக்ட் ஃபைலயும் குடுங்கன்னு கேட்டாங்க, மீதி காச போட்டுடுறோம்னு ரொம்ப அன்பா பேசினாங்க, குடுத்துட்டேன். அதோட அந்த நம்பர் எடுக்கல. ப்ராஜெக்ட் ஃபைல் நம்ம கையில இருக்குற கடைசி சாவி, முழு காசு வராம அத குடுக்கக் கூடாது, யார் எவ்ளோ அன்பா கேட்டாலும்.

படத்த வேலூர்லயே முதல் நாள் பாத்தேன், சித்தப்பாவோட. டைட்டில் நல்லா வந்திருந்துச்சு, அத நான் மனசார சொல்றேன், தவில் அடில எழுத்து சரியா விழுந்துச்சு, பின்னாடி யாரோ விசில் அடிச்சாங்க. சித்தப்பா ஒவ்வொரு பேரயும் உதடசைச்சு படிச்சாரு. என் பேர் அதுல இல்ல. அவங்க குடுத்த லிஸ்டுல இல்ல, நானா சேக்கலாமான்னு ஒரு வார்த்த கேக்க கூச்சப்பட்டு விட்டுட்டேன். படம் முடிஞ்சு ரோல் ஓடுறப்போ முக்கால்வாசி பேர் எழுந்து போயிட்டாங்க, எங்களுக்கு ரெண்டு வரிச முன்னாடி ஒரு குடும்பம் மட்டும் எழுந்திருக்கல. அப்பா, அம்மா, ரெண்டு பொண்ணுங்க, ஒரு பாட்டி. அவர் செட்டிங் அசிஸ்டென்ட், அணைக்கட்டுப் பக்கம், நான் சென்னைல ஒரு தடவ பாத்திருக்கேன். அவர் பேர் வந்துச்சு, பெரிய பொண்ணு போன் வச்சு புடிச்சுச்சு, சின்னது ‘அப்பா பேர் தப்பா இருக்கு’ன்னு சத்தமா சொல்லுச்சு. ற வர வேண்டிய எடத்துல ர. கடைசி நாள் வாய்ஸ் மெசேஜ்ல வந்த ரெண்டு பேர்ல ஒண்ணு. அவர் ‘பரவால்லம்மா, வந்துச்சு இல்ல’ன்னு அந்தப் பொண்ணு தலைய தடவுனாரு. நான் போய் மன்னிப்பு கேட்டேன், அவர் என் கையப் புடிச்சுகிட்டு ‘நீங்கதான் எழுதுனீங்களா சார், ரொம்ப அழகா இருந்துச்சு சார்’னாரு. அன்னிக்கு சாப்பிட முடியல.

50,000 போனது இப்ப பழகிப் போச்சு, அந்த ஒரு எழுத்து பழகல.

இப்ப காட்பாடிலேர்ந்து சில பசங்க ஒரு சின்னப் படம் எடுத்திருக்காங்க, போன மாசம் வந்தாங்க. உக்காந்ததும் ஃப்ரேம் ரேட் கேட்டேன், அவங்களுக்கே தெரியல, கேமராமேனுக்கு போன் போட்டு 24ன்னு சொன்னாங்க. பேப்பர்ல கையெழுத்து, பாதி காசு, பத்து செகண்ட் டெஸ்ட், என் பேர் எங்க வரும், எல்லாம் முடிஞ்சுதான் வேலைய ஆரம்பிச்சேன், அவங்களும் ஒண்ணும் தப்பா நெனைக்கல. நேத்து பேர் லிஸ்ட் வந்துச்சு, 46 பேர். அதுல ஒருத்தர் பேர் மட்டும் ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருந்துச்சு, சாமான் ஏத்தி எறக்குனவரு. நம்பர் வாங்கி அவருக்கே போன் போட்டு, அண்ணே உங்க பேர்ல சின்ன ர வா பெரிய ற வான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், ‘பெரிய ற தம்பி, ரேஷன் கார்டுல தப்பா கீது, எங்கம்மா பெரிய ற தான் போடுவாங்க’ன்னாரு.